மச்சான் குளிக்கும்போது

நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது. மாதா கோயில் பூசையில் பைபிள் வாசகம் வாசிக்கக் கூப்பிட்டால்கூடத் தொண்டை சரியில்லை என்று சொல்லிப் பின்வரிசைக்குப் போய்விடுவேன். படிப்பும் பத்தாவதோடு நின்றது. அப்படிப்பட்டவன் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு வந்தது இன்னதென்று தெரியாமல் ஒரு வருஷத்துக்கு மேல் அலைந்தேன். அதே மாதிரி அலைகிற இன்னொருவர் இதைப் படித்தால் அவருக்கு அலைச்சலில் கொஞ்சம் மிச்சமாகலாம்.

என் தொழில் ஓஸ் பிடிப்பது. தூத்துக்குடிக் கடலில் சங்கு குளிக்கிறவர்கள் இப்போது வெறும் மூச்சை அடக்கி முங்குவதில்லை. படகில் கம்ப்ரசர் ஓடும். அதிலிருந்து நீளமான ரப்பர்க் குழாய், அதுதான் ஓஸ், தண்ணீருக்குள் போகும். அதன் முனையை வாயில் கடித்துக்கொண்டு குளிக்கிறவர் அடித்தரையில் சங்கு பொறுக்குவார். மேலே ஓஸைப் பிடித்திருக்கிறவன் அவர் விலகிப் போனால் விட்டுக்கொடுக்க வேண்டும், கிட்டே வந்தால் இழுத்துக்கொள்ள வேண்டும். ஓஸ் எங்கும் மடியக்கூடாது, மடிந்தால் காற்று நின்றுவிடும். கீழேயிருந்து ஓஸைச் சுண்டி ஒரு வெட்டு வெட்டினால் இன்னும் விடு என்று அர்த்தம். இரண்டு வெட்டினால் தூக்கு. வேறு பேச்சு கிடையாது.

நான் ஓஸ் பிடிப்பது என் அக்காவின் புருஷனுக்கு. முத்துக்குளித்த காலத்திலிருந்தே எங்கள் கரையில் குளிக்கிறவருடைய கயிற்றை அவர் மச்சினன்தான் பிடிப்பான். கூடப்பிறந்தவள் தாலி அறுக்க எவனும் கையை விடமாட்டான் என்பது கணக்கு. கயிறு ஓஸாகிவிட்டது, கணக்கு அப்படியேதான் இருக்கிறது. மச்சான் யாரிடமாவது என்னை அறிமுகம் செய்தால் பெயர் சொல்ல மாட்டார். “என் மூச்சு இவன் கையிலதான்” என்பார். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். நானும் வெட்கத்தோடு சிரித்து வைப்பேன்.

முதன்முதலில் அது எனக்குக் கடலில் வரவில்லை. ஏரலில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். எந்தக் கவலையும் இல்லை. திடீரென்று நெஞ்சு அடிக்கிற சத்தம் காதில் கேட்டது. விரல் நுனியெல்லாம் மரத்துப்போய் எறும்பு ஊர்வது போல் இருந்தது. எவ்வளவு இழுத்தாலும் காற்று பாதிதான் உள்ளே போனது. சாகப்போகிறேன் என்று நிச்சயமாகத் தெரிந்தது. பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, வாழைத்தோட்டத்துக்குப் பக்கத்தில் மனைவியோடு இறங்கிவிட்டேன்.

எதிரே பெட்டிக்கடை வைத்திருந்தவர் என்னைப் பார்த்ததும் சோடாவை உடைத்துக் கொடுத்தார். கேஸ் என்றார். கல்யாண வீட்டில் என்ன கறி என்று விசாரித்தார். எங்கள் பக்கத்தில் நெஞ்சில் எது வந்தாலும் அதற்கு ஒரே பெயர், கேஸ். அடைத்தால் கேஸ், குத்தினால் கேஸ், படபடத்தாலும் கேஸ். சோடா குடித்து ஏப்பமும் விட்டேன். கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கியது. சோடாதான் காப்பாற்றியது என்று நம்பினேன்.

அதற்குப் பிறகு அது வாரத்துக்கு ஒருதரம், பிறகு நினைத்தபோதெல்லாம் வர ஆரம்பித்தது. ஓமத்தண்ணீர், இஞ்சிச்சாறு, பூண்டு என்று வீடே மருந்துக்கடை வாடை அடித்தது. நெஞ்சுப் படம் எடுத்துப் பார்த்தோம். இருதயம் நன்றாக இருக்கிறது என்றார்கள். மனைவி மாதா படத்துக்கு மாலை போட்டாள். எனக்கோ அதைக் கேட்டதும் இன்னும் பயமாகிவிட்டது. நன்றாக இருக்கிற இருதயம் ஏன் இப்படி அடிக்கிறது?

ஒரு தெரு தள்ளி புதிதாகக் கிளினிக் போட்டிருந்த டாக்டரிடம் போனேன். சின்ன வயது, வேறு மாவட்டத்துக்காரர். என்ன செய்கிறது என்று கேட்டார். நான் உள்ளதைச் சொன்னேன்.

“வெப்ராளமா வருது, டாக்டர்.”

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்த ஒரு சொல் போதும். பயமும் அழுகையும் ஆற்றாமையும் ஒன்றாகத் திரண்டு நெஞ்சை முட்டுவதுதான் வெப்ராளம். டாக்டர் என் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தார். கக்கத்தில் தெர்மாமீட்டர் வைத்தார். வெப்பம் ஒன்றும் இல்லையே என்றார். உள்சூடாக இருக்கலாம், இளநீர் குடியுங்கள், வாரம் இரண்டு நாள் எண்ணெய் தேய்த்துக் குளியுங்கள் என்று அனுப்பிவிட்டார். நான் சொன்னது வெப்பம் இல்லை டாக்டர் என்று திருத்த எனக்கு வாய் வரவில்லை. வெளியே இன்னும் ஆட்கள் காத்திருந்தார்கள். எழுந்து வந்துவிட்டேன். மனைவி சொன்னபடியெல்லாம் செய்தாள். இளநீரும் எண்ணெய்க் குளியலுமாக எனக்கு நல்ல ஜலதோஷம் பிடித்ததுதான் மிச்சம்.

பிறகு ஒருநாள் அது படகில் வந்தது.

மச்சான் கீழே இருந்தார். ஓஸ் என் கையில் இருந்தது. விரல்கள் மரத்தன. அப்போது ஒரு நினைப்பு வந்தது: என் கை தானாக விட்டுவிடும். அதை உதறித் தள்ளுவதற்குள் அதைவிட மோசமான ஒன்று வந்தது. நானே ஓஸை மடித்துப் பிடித்துவிட்டால்? அவ்வளவுதான். யாரோ எனக்குள் உட்கார்ந்து சொன்ன மாதிரி இருந்தது. என்னைச் சொந்தத் தம்பி போல் பார்க்கிறவர், அவர் பிள்ளைகளை என் தோளில் தூக்கி வளர்த்திருக்கிறேன், அவரைப் பற்றி இப்படி ஒரு நினைப்பு. நான் எப்பேர்ப்பட்ட பாவி.

அன்றிலிருந்து மச்சான் முங்கியதும் நைலான் கயிற்றால் ஓஸை என் மணிக்கட்டோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். கை விட்டாலும் ஓஸ் போகாதே. வீட்டுக்கு வந்தால் மணிக்கட்டில் சிவந்த தழும்பு இருக்கும். முழுக்கைச் சட்டை போட்டு மறைத்தேன். இந்த நினைப்பைச் சொன்னால் மச்சான் என்னைப் படகில் ஏற்ற மாட்டார். சொல்லாமல் இருந்தால் என்றைக்காவது அவரைக் கொன்றுவிடுவேன். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டேன்.

கொஞ்ச நாளில் படபடப்புக்கு இடையில் வேறொன்றும் வந்து சேர்ந்தது. அது பயமில்லை. ஒன்றுமே வேண்டாம் என்ற கனம். சோறு மண்ணாக இருந்தது. டீக்கடைக்குப் போவதை நிறுத்தினேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் போகவில்லை. படகு போகிற நாளில் மட்டும் எப்படியோ எழுந்து போனேன், மற்ற நேரமெல்லாம் படுத்தே கிடந்தேன். டிவி ஓடும், நான் பார்த்துக்கொண்டிருப்பேன், என்ன ஓடுகிறது என்று தெரியாது. அக்கா வந்து பார்த்துவிட்டு மணப்பாட்டுத் திருச்சிலுவைக் கோயிலுக்கு நேர்ந்துகொண்டு போனாள். சோம்பேறி ஆகிவிட்டான் என்றும் சிலர் சொன்னார்கள். எனக்கே அப்படித்தான் தோன்றியது.

ஒரு மத்தியானம் சாப்பிடாமல் தட்டைத் தள்ளி வைத்தபோது மனைவி என்னதான் ஆச்சு என்று கேட்டாள். நான் இல்லாமல் போய்விட்டால் எல்லாருக்கும் நல்லது என்று தோன்றுவதாகச் சொன்னேன். அதிகம் யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. அவள் அழவில்லை, திட்டவில்லை. தட்டை எடுத்து மூடி வைத்தாள். மகளிர் குழுக் கூட்டத்தில் ஒரு நர்ஸ் வந்து பேசியதாகவும், பெரிய ஆஸ்பத்திரியில் இதற்கென்றே ஒரு பிரிவு இருப்பதாகவும் சொன்னாள். சேலையை மாற்றிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள்.

“அங்க பைத்தியக்காரங்கள்லா போவாங்க” என்றேன்.

“போறவுகள்ல நீங்களும் ஒரு ஆளு. எந்திரிங்க.”

மனநலப் பிரிவில் டாக்டர் நிறைய கேள்வி கேட்டார். சாக வேண்டும் என்று எண்ணம் வருகிறதா என்று பட்டென்று கேட்டார். அப்படி நேராகக் கேட்டது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்ல முடியாது. மாத்திரை எழுதினார். வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், நீங்களாக நிறுத்தக்கூடாது என்றார். தூக்கம் வருகிற மாதிரி இருந்தால் ஓஸைத் தொடவே கூடாது என்றார். பிறகு பக்கத்து அறையில் இருந்த ஆலோசகரிடம் அனுப்பினார்.

ஆலோசகர் என்னைவிடச் சின்ன வயதுப் பெண். வடக்கே எங்கோ இருந்து வந்திருக்கிறார் என்று பேச்சிலேயே தெரிந்தது. என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார்.

“மச்சான் குளிக்கும்போது ஓஸ் பிடிப்பேன், மேடம்.”

அவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் தலையாட்டினார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“அவருக்கு எத்தனை வருஷமா முடியல, அண்ணா? அவரால தானா குளிக்க முடியாதா?”

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், மச்சான் தோட்டத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்க நான் அவர் தலையில் தண்ணீர் அடிப்பது கண் முன்னால் வந்தது. சிரிப்பு வந்தது. அடக்கினேன், முடியவில்லை. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனைவி என்னவோ ஏதோ என்று கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவன் எந்த இடத்தில் அழ ஆரம்பித்தேன் என்று எனக்குத் தெரியாது.

அந்தப் பெண் அவசரப்படுத்தவில்லை. நான் அடங்கியதும், எனக்கு இந்த ஊர் புதுசு, புரியவில்லை, சங்கு குளிப்பது என்றால் என்னவென்று முதலிலிருந்து சொல்லுங்கள் என்றார். சொன்னேன். வெப்ராளம் என்றேன், அதற்கும் அர்த்தம் கேட்டார். அர்த்தம் சொல்லப்போய் பஸ்ஸில் வந்தது, படகில் வந்தது, மணிக்கட்டுக் கயிறு எல்லாம் சொல்லிவிட்டேன். கடைசியில், யாரிடமும் சொல்லாத அந்த மடிக்கிற நினைப்பையும் சொன்னேன். சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“மச்சானைக் கொல்லணும்னு உங்களுக்கு ஆசை இருக்கா?” என்று கேட்டார்.

“ஐயோ, இல்ல மேடம்.”

“அந்த நினைப்பு வரும்போது எப்படி இருக்கு?”

“செத்துரலாம்னு இருக்கும்.”

அப்படியென்றால் அது உங்கள் ஆசை இல்லை, உங்கள் பயம் என்றார் அவர். மனசு எதற்கு அதிகமாகப் பயப்படுகிறதோ அதையே படமாகப் போட்டுத் திரும்பத் திரும்பக் காட்டும். காட்டுவதால் நடந்துவிடாது. இப்படி நினைப்பு வருகிறவர்கள் நிறையப் பேர் உண்டு, பிள்ளை பெற்ற தாய்மாருக்குக்கூட வரும், வெளியே சொல்லமாட்டார்கள், அவ்வளவுதான் என்றார். நெஞ்சுப் படபடப்பும் அப்படித்தான். ஆபத்து இல்லாதபோதே உடம்பு ஆபத்து என்று நினைத்து ஓடத் தயாராகிறது. வேகவேகமாக மூச்சு விடுவதால் விரல் மரக்கிறது. சாகிற மாதிரி இருக்கும், ஆனால் அதனால் சாவு வராது.

இது எப்போது ஆரம்பித்தது என்று அவர் கேட்டபோது பஸ் என்றேன். அதற்கு முன்னால் ஏதாவது நடந்ததா என்று விடாமல் கேட்டார். அப்போதுதான் பெல்ட் ஞாபகம் வந்தது. பஸ்ஸுக்குச் சில மாதங்களுக்கு முன்னால் மச்சான் கீழே இருக்கும்போது கம்ப்ரசர் பெல்ட் அறுந்துபோனது. புது பெல்ட்தான், யார் மேலும் குற்றமில்லை. தொட்டியில் மிச்சக் காற்று இருந்ததால் நான் இழுத்த இழுப்பில் அவர் மேலே வந்துவிட்டார். இருமிவிட்டு, உங்கள் அக்காவுக்கு இன்னொரு மாப்பிள்ளை பார்க்கிற வேலை மிச்சம் என்றார். எல்லாரும் சிரித்தோம். அன்றே மறந்துவிட்டேன் என்று நினைத்தேன். உடம்பு மறக்கவில்லை போலிருக்கிறது.

எழுந்திருக்கும்போது ஆலோசகர் ஒன்று கேட்டார். “இது உங்க மச்சானுக்குத் தெரியுமா?”

இல்லை என்றேன்.

“கீழே இருக்கிறது அவர். அவருக்குத் தெரியணும் இல்லையா?”

அது சரிதான் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அந்தக் கேள்வி கனத்தது.

மறுநாள் காற்று பலமாக இருந்தது. எங்கள் தெரேஸ்புரம் கரையிலிருந்து ஒரு படகும் போகவில்லை. மச்சான் ஓஸைக் கரையில் நீட்டிப் போட்டு வெடிப்பு இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவரைப் பார்த்துச் சொல்ல முடியாது என்று தெரிந்ததால் ஓஸைப் பார்த்துச் சொன்னேன்.

“மச்சான், இனி நான் ஓஸ் பிடிக்கல.”

“ஏன், வேற படகு பாத்துட்டியோ?”

“இல்ல. கை விட்ருமோன்னு இருக்கு. நானே மடிச்சிருவேனோன்னு இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போனேன். மனசுக்குப் பாக்குற எடத்துக்கு.”

அவர் தடவுவதை நிறுத்தினார்.

“இது எப்பத்துலேருந்துலே?”

“பெல்ட் அந்துச்சுல்லா, அதுக்குப் பொறவு.”

“அடப்பாவி” என்றார். “உனக்கு எம்மேல கோவம்னுல்லா நெனச்சேன்.”

எனக்கு விளங்கவில்லை. கொஞ்ச நாளாகவே கீழே ஓஸ் விறைப்பாக வருவதாகவும், நான் வேண்டுமென்றே வம்புக்கு இழுக்கிறேன் என்று நினைத்ததாகவும் சொன்னார். மூத்த பிள்ளை கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கியதற்கு முதல் நன்மை விருந்து வைத்தபோது என்னை முதலில் அழைக்காமல் வேறு ஆளை அழைத்துவிட்டார், அந்த மனத்தாங்கலைத்தான் ஓஸில் காட்டுகிறேன் என்பது அவர் முடிவு.

“உங்க அக்காகிட்ட அதுக்கு ரெண்டு சண்ட போட்ருக்கேன். தம்பிய என்ன லெட்சணத்துல வளத்து வச்சிருக்கன்னு.”

“அக்கா என்ன சொன்னா?”

“அவ என்ன சொல்லுவா. ரெண்டு நாளு எனக்குக் கொழம்பு வைக்கல.”

அவர் என் சட்டைக் கையை மேலே தள்ளித் தழும்பைப் பார்த்தார். கட்டிக்கொண்டு பிடிக்கிறவன் கைக்குக் கீழேயிருந்து வெட்டுகிற வெட்டு தெரியாதே என்று மட்டும் சொன்னார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. காப்பாற்றுவதற்காகக் கட்டிய கயிறுதான் ஆபத்தாக இருந்திருக்கிறது. சரியாகிற வரைக்கும் வேறு ஆள் பிடிக்கட்டும், ஆனால் சீக்கிரம் வந்துவிடு, வேற்றாளை வைத்துக்கொண்டு நிம்மதியாகக் குளிக்க முடியாது என்றார். ஏன் என்று கேட்டேன். அவனுக்கு என் பெண்டாட்டி அக்கா இல்லையே என்றார்.

நான் இதை ஆலோசகரிடம் சொன்னபோது, உங்கள் மச்சானை அடுத்த தடவை கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். அவரும் வந்தார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கல்யாணத்துக்கு வந்த மாதிரி வந்தார். மூன்று பேருமாகச் சேர்ந்து ஒரு வழி செய்தோம். பயப்படுகிற காரியத்தை எட்டவே வைக்காமல், சின்னதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே போவது. முதலில் தண்ணீரே இல்லாமல்.

இப்படித்தான் நாங்கள் கரையில் சங்கு குளிக்க ஆரம்பித்தோம். ஓஸின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மச்சான் தூரத்தில் மணலில் உட்கார்ந்திருப்பார். இன்னொரு பக்கம் நான். கட்டு இல்லை, கயிறு இல்லை, வெறும் கை. அவர் ஒரு வெட்டு வெட்டுவார், நான் விடுவேன். வலை பின்னிக்கொண்டிருந்தவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு.

“என்ன அண்ணாச்சி, கரையில சங்கு கெடக்கா?” என்று ஒருவன் கேட்டான்.

“கெடக்குலே. நீயும் முங்கிப் பாரு, வாயில மண்ணு கெடைக்கும்” என்றார் மச்சான்.

சாதாரண நாளில் இந்தக் கேலிக்கே நான் எழுந்து ஓடியிருப்பேன். அன்று கேலியைக் கவனிக்க நேரமில்லை. மணலில் உட்கார்ந்திருக்கும்போதே அது வந்துவிட்டது. நெஞ்சு, விரல், மூச்சு, மடித்துவிடு என்ற நினைப்பு, எல்லாம். ஆலோசகர் சொல்லியிருந்தார்: ஓடாதீர்கள், சோடா தேடாதீர்கள், இறுக்கவும் செய்யாதீர்கள், மூச்சை மெதுவாக வெளியே விட்டுக்கொண்டு அங்கேயே இருங்கள். இருந்தேன். ஏறியது. இன்னும் ஏறியது. இதற்கு மேல் தாங்காது என்ற இடத்தில் நின்றது. பிறகு தானாக இறங்க ஆரம்பித்தது.

அது இறங்குவதை அன்றுதான் நான் முதன்முதலில் முழுசாகப் பார்த்தேன். அதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் பாதியில் எழுந்து ஓடியிருக்கிறேன். ஓடியதால் தப்பித்தேன், சோடாவால் தப்பித்தேன், கயிற்றால் தப்பித்தேன் என்று நினைத்திருக்கிறேன். ஒன்றும் செய்யாவிட்டாலும் அது இறங்கும் என்று எனக்குத் தெரியவே தெரியாது. கையைத் திறந்து பார்த்தேன். ஓஸ் உள்ளங்கையில் அப்படியே கிடந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் நேராகப் போனது என்று சொன்னால் பொய். மாத்திரை ஆரம்பத்தில் வாயை உலர்த்தியது. பழகிவிடும், பிறகு விட முடியாது என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்தினார்கள். டாக்டரிடமே கேட்டேன், அவர் பொறுமையாக விளக்கினார், தொடர்ந்தேன். இடையில் ஒரு வாரம் பழைய கனம் திரும்பி வந்து படுக்கையை விட்டே எழுந்திருக்கவில்லை. எல்லாம் வீண் என்று ஆலோசகரிடம் சொன்னேன். போன தடவை படுத்தபோது எத்தனை மாதம் படுத்திருந்தீர்கள் என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். யோசித்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து குளித்தேன், வாளித் தண்ணீரில்.

கரையிலிருந்து இடுப்பளவு தண்ணீருக்குப் போனோம். பிறகு படகில், வேறு ஆள் ஓஸைப் பிடிக்க நான் பின்னால் நின்று தொட்டுக்கொண்டிருந்தேன். பிறகு நான் பிடிக்க அவன் பின்னால் நின்றான். டாக்டர் மாத்திரையைப் பற்றிக் கேட்டு, தூக்கக் கலக்கம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் இதற்குச் சம்மதித்தார். மாசி பிறந்து கடல் கண்ணாடியாகக் கிடந்த ஒரு காலையில், இனி பின்னால் ஆள் வேண்டாம் என்று நானே சொன்னேன்.

படகில் நானும் என்ஜின் பார்க்கிற பெரியவரும்தான். மச்சான் இறங்கினார். குமிழி வந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் வந்தது. பழைய நானாக இருந்தால் மறைத்திருப்பேன். வாயைத் திறந்து சொன்னேன்.

“அண்ணாச்சி, வருது.”

அவர் கம்ப்ரசரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். “வரட்டும். வந்தா ஒரு ஓரமா ஒக்காரச் சொல்லு.”

நான் ஓஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஓரமாக உட்கார்ந்துதான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அது இருக்கிறதா போய்விட்டதா என்று பார்ப்பதையும் மறந்துவிட்டேன், கீழே மச்சான் கிழக்கே நகர ஆரம்பித்திருந்தார். விட்டுக்கொடுத்தேன். ரொம்ப நேரம் கழித்து இரண்டு வெட்டு வந்தது. இழுத்தேன்.

தலை மேலே வந்ததும் வாயிலிருந்து ஓஸைத் துப்பிவிட்டு அவர் சொன்ன முதல் வார்த்தை, “மெதுவா இழுக்கத் தெரியாதாலே? நான் என்ன சீலா மீனா?”

அந்தத் திட்டைக் கேட்டு எனக்கு உண்டான சந்தோஷத்தை என்னவென்று சொல்ல. கரையில் நான் சொன்ன நாளிலிருந்து அவர் என்னைத் திட்டவே இல்லை. முகம் பார்த்து, நிதானம் பார்த்து, நோயாளியிடம் பேசுகிற மாதிரியே பேசினார். இப்போது பழையபடி திட்டுகிறார்.

சங்குப் பையைத் தூக்கி உள்ளே போட்டேன். படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் மிதந்தபடியே ஒரு மிடறு தண்ணீர் வாங்கிக் கொப்பளித்துத் துப்பினார். ஓஸை மறுபடி கடித்தார். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கினார். நான் விட்டுக்கொடுத்துக்கொண்டே இருந்தேன்.